கோகிலத்துக்கு வெள்ளை உடுத்தியது யார்?

குயில் கரியது. அந்தக் கருமையிலே குறை காண்பார் எவருமில்லை. குரல் கேட்டால் போதும் என்று கூறிவிடுவர். ஆனால் காவிரிக் கரையிலே, கொடுமுடியிலே பிறந்த ஒரு குயிலுக்கு மட்டும் இந்த நாடு வெள்ளை உடுத்திப் பார்த்தது. பார்த்ததோடு அமைந்ததா? அந்த வெள்ளையைக் கும்பிடவும் தொடங்கிற்று. குரல் இரண்டாம் இடத்துக்குப் போயிற்று; சேலை முதலிடத்துக்கு வந்தது!

கே.பி. சுந்தராம்பாள் அம்மையாரைப் பற்றிய புகழுரை எதையேனும் எடுத்துப் பாருங்கள், தோழர்களே. கொடுமுடி கோகிலம் என்று தொடங்குவார்கள். இருபத்தைந்து வயதிலே கிட்டப்பாவை இழந்ததைச் சொல்வார்கள். அன்றே வெள்ளை உடுத்தியதை, அணிகளைக் களைந்ததை, ஆடவரோடு இணைந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டதை, அந்த உறுதியை இறுதிவரை காத்ததை வரிசை பிறழாமல் சொல்வார்கள். அந்த இடத்திலே பேசுபவரின் நா தழுதழுக்கும். கேட்பவரின் கண் கசியும். என்னே கற்பு, என்னே காதல் என்று கைகூப்புவர். கூட்டம் கலையும்.

ஒரு பெண்ணின் நாற்பத்தேழு ஆண்டு வாழ்வு, 1933 முதல் 1980 வரை நீண்ட வாழ்வு, ஒரு சேலையின் நிறத்துக்குள்ளே மடித்து வைக்கப்பட்டுவிட்டது. மடித்தவர் யார்? எதற்காக மடித்தனர்? இதைக் கேட்கத்தான் இந்தக் கட்டுரை. அம்மையாரைப் பழிக்க அல்ல. அவரைப் புகழ்வதாக எண்ணிக்கொண்டு தங்களைத் தாங்களே புகழ்ந்துகொள்வோரைத் தட்டிக் கேட்க.

கதையை முதலிலிருந்து காண்போம்.

செங்கோட்டையிலே 1906ஆம் ஆண்டு பிறந்தவர் கிட்டப்பா. கொடுமுடியிலே 1908ஆம் ஆண்டு பிறந்தவர் சுந்தராம்பாள். அவர் பார்ப்பனர் வீட்டுப் பிள்ளை. இவர் வறுமை வீட்டுப் பெண். அவரும் ஏழைதான், ஐயமில்லை. ஆனால் ஏழ்மையிலும் இந்த நாட்டிலே இரண்டு வகை உண்டு. பூணூல் அணிந்த ஏழ்மைக்குத் திண்ணை கிடைக்கும். அணியாத ஏழ்மைக்குத் தெருதான். சுந்தராம்பாளுக்கு ரயில்பெட்டி கிடைத்தது. ரயிலிலே பாடிய சிறுமியின் குரலை ரயில்வே அதிகாரியும் நாடக ஆர்வலருமான எஃப்.ஜி. நடேச அய்யர் கேட்டார். அந்தச் சிறுமி வேலு நாயர் நாடகக் குழுவிலே சேர்ந்தாள். பெண்பிள்ளை ஏற்ற முதல் வேடங்கள் ஆண்பிள்ளை வேடங்கள். இதை நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மீண்டும் வருவோம்.

அந்தக் கால மேடையைப் பற்றிச் சில சொற்கள். ஒலிபெருக்கி இல்லை. கொட்டகையின் கடைசி வரிசையிலே, தரையிலே துண்டு விரித்து அமர்ந்திருக்கும் உழவனுக்கும் பாட்டு எட்டவேண்டும். எட்டாவிட்டால் கூச்சல் கிளம்பும். ஆகவே உச்சக் குரலிலே பாடுபவரே உயர்ந்த நடிகர். ஸ்பெஷல் நாடகம் என்று ஒன்று. ஒரே குழுவைச் சேராத இருவர், ஒத்திகை ஏதுமின்றி, ஒரே இரவிலே ஒரே மேடையிலே மோதுவர். வள்ளி ஒரு கேள்வி கேட்பாள், பாட்டிலே. வேலன் விடை சொல்வான், பாட்டிலே. விடியும்வரை தர்க்கம் நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துத் தந்த பாதை அது. அந்தப் பாதையிலே கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் எதிரெதிர் நின்றது 1926ஆம் ஆண்டு, தமிழகத்திலே அல்ல, கடல் கடந்து கொழும்பிலே! அவர் வேலன், இவர் வள்ளி. குரலுக்குக் குரல் நிகர் என்றது கொழும்பு. மறு ஆண்டே மணம் நடந்தது.

வள்ளி திருமணம்! அந்தக் கதையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கடவுளுக்கு ஏற்கனவே ஒரு மனைவி, தேவர்குலத்தவள். தினைப்புனத்துக் குறத்தியைக் கண்டு மயங்கி, வேடனாய், கிழவனாய் வேடம் மாற்றி வந்து, அவளையும் மணக்கிறார். இதை இரவெல்லாம் விழித்திருந்து பார்த்தது ஊர், கன்னத்திலே போட்டுக்கொண்டது. மேடையிலே நடந்தால் அது புராணம், புண்ணியம். அதே ஆடவர் மேடையை விட்டு இறங்கி அதே கதையை வாழ்க்கையிலே நடத்தினார். அவருக்கும் ஏற்கனவே மணமாகியிருந்தது, 1924ஆம் ஆண்டிலே, தம் குலத்திலேயே. இங்கே குறத்தியின் இடத்திலே கொடுமுடிப் பெண். இப்போது ஊர் என்ன செய்தது? கன்னத்திலே போட்டுக்கொண்டதா? இல்லை. கூத்தாடி என்றது. மயக்கியவள் என்றது. சாதியை இழுத்தது. மேடையிலே வள்ளியைக் கும்பிட்ட கைகள், மேடைக்குப் பின்னே வள்ளியைச் சுட்டிக் காட்டி நகைத்தன. புராணத்துக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி!

சில ஆண்டுகளே வாழ்வு. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. பிரிவு வந்தது. பிரிவிலே கடிதங்கள் பறந்தன. அம்மையார் எழுதிய அந்தக் கடிதங்கள் பின்னாளிலே அச்சேறின. படித்தவர் அறிவர், அவை கற்புக்கரசியின் சாசனங்கள் அல்ல. சினமும், ஏக்கமும், தன்மானமும் கலந்த ஒரு பெண்ணின் வழக்குரைகள். குடி கிட்டப்பாவின் உடலைத் தின்றது. 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், இருபத்தேழு வயதிலே, அந்த அரிய குரல் அடங்கிற்று. இருபத்தைந்து வயதுப் பெண் வெள்ளை உடுத்தினாள்.

இங்கே ஒரு கணக்குப் போடுவோம். கணக்கிலே கண்ணீர் கலக்காது. கைம்பெண் மறுமணம் செய்யலாம் என்று சட்டம் வந்தது 1856ஆம் ஆண்டு. 1933 எங்கே, 1856 எங்கே? எழுபத்தேழு ஆண்டுகள்! சட்டம் கிழவியாகிவிட்டது; வழக்கம் மட்டும் குமரியாகவே இருந்தது. கொடுமுடியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவிலே உள்ள ஈரோட்டிலே, அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னே, 1930ஆம் ஆண்டு மே மாதத்திலே, இரண்டாவது சுயமரியாதை மாகாண மாநாடு நடைபெற்றது. அதற்கு முந்திய ஆண்டு செங்கற்பட்டிலே நடந்த முதல் மாநாட்டிலே, பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியிருந்தது. நாற்பது கிலோமீட்டர்தான், ஆனாலும் அந்தக் குரல் கொடுமுடிக் கோயில் வீதிக்கு எட்டவில்லை. ஒருவன் இரு மனைவியரை மணப்பதைச் சென்னை மாகாணத்திலே சட்டம் தடுத்ததோ 1949ஆம் ஆண்டிலே. அதுவரை ஆணுக்கு இரண்டு மாலை உரிமை. பெண்ணுக்கு ஒரு மாலை, அதுவும் வாடினால் வாழ்நாள் முழுதும் வெள்ளை.

எதிர்த்திசையிலே எண்ணிப் பாருங்கள். 1933இலே மறைந்தவர் சுந்தராம்பாளாக இருந்திருந்தால்? கிட்டப்பா வெள்ளை உடுத்தியிருப்பாரா? இனிப் பெண்களோடு நடிப்பதில்லை என்று உறுதி பூண்டிருப்பாரா? பூண்டிருக்கவேண்டும் என்று எவரேனும் எதிர்பார்த்திருப்பார்களா? அவருக்கு வேறு வள்ளி கிடைத்திருப்பாள். ஊரும் சீட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கும்.

கூத்துமேடையிலே பிறந்த காதலை வேறு எப்படித்தான் சொல்வது என்று கேட்கலாம். சொல்ல வேறு வகை உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள்.

பிரான்சுக்கும் கோவைக்கும் என்ன உறவு என்று முகம் சுளிக்க வேண்டாம். நம் நகருக்குச் சினிமா வந்ததே ஒரு பிரெஞ்சுக்காரர் கைவழிதான். டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராய்ப் படம் காட்டி வந்தார். 1905ஆம் ஆண்டு, திருச்சி ரயில்வே அலுவலகத்திலே வரைபடம் வரைந்துகொண்டிருந்த கோவைக்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், அவரிடமிருந்து கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார்; கூடாரம் அடித்துப் பல ஊர்களிலே காட்டினார்; 1914ஆம் ஆண்டு கோவையிலே வெரைட்டி ஹாலைக் கட்டினார். அந்தப் பெயரைத் தாங்கிய சாலையிலே இன்றும் நடக்கிறோம். ஆகவே ஒரு பிரெஞ்சுப் படத்தைப் பற்றிக் கோவையிலே பேசுவது அந்நிய மோகமல்ல, பழைய கடன்.

படத்தின் பெயர் 'சொர்க்கத்தின் பிள்ளைகள்'. இயக்கியவர் மார்செல் கார்னே; எழுதியவர் கவிஞர் ழாக் பிரெவேர். சொர்க்கம் என்றவுடன் நம் பகுத்தறிவாளர்கள் பதற வேண்டாம். பாரிசு நாடகக் கொட்டகையிலே, கூரையை ஒட்டி, உச்சியிலே இருக்கும் மலிவான காலரிக்கு அங்கே சொர்க்கம் என்று பெயர். நம் ஊரிலே ஏழைக்குத் தரை. அவர்கள் ஊரிலே ஏழைக்குக் கூரை! அந்தக் கூரையடியிலே நெருக்கியடித்து அமர்ந்து, சிரித்து, சீழ்க்கையடித்து, பிடித்தவரைத் தூக்கியும் பிடிக்காதவரைத் தாழ்த்தியும் தீர்ப்பு வழங்கிய எளிய மக்களே அந்தச் சொர்க்கத்தின் பிள்ளைகள்.

ஹிட்லரின் படை பிரான்சை மிதித்துக்கொண்டிருந்த நாளிலே, 1943ஆம் ஆண்டு தொடங்கிய படம் அது. அரங்கங்களை வடிவமைத்த திரௌனெரும், இசை அமைத்த கோஸ்மாவும் யூதர்கள், பிடிபட்டால் சாவு. ஒளிந்திருந்தே உழைத்தார்கள். ஆக்கிரமிப்பு முடிந்தபின், 1945 மார்ச்சிலே, மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படமாக அது பாரிசு மக்கள் முன் வந்தது.

கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே நிகழ்கிறது. ஃபுனாம்புல் என்னும் சிறு கொட்டகை. அங்கே நடிகன் வாய் திறந்து பேசக்கூடாது. உரையாடலுக்கு உரிமம் பெரிய கொட்டகைகளுக்கே உண்டு. வாயைப் பூட்டினால் கலை செத்துவிடும் என்று எண்ணுகிற ஆட்சி எல்லா நாட்டிலும் உண்டு போலும்! பூட்டிய வாயிலிருந்து பிறந்தான் பத்தீஸ்த் என்னும் ஊமைக் கூத்தன். உண்மையாகவே வாழ்ந்த தெபுரோ என்னும் கலைஞனை ஒட்டிய பாத்திரம். முகத்திலே வெள்ளைப் பூச்சு, உடலிலே வெள்ளை அங்கி. காரான்ஸ் என்னும் பெண்மீது கடிகாரத் திருட்டுப் பழி விழுகிறது. நடந்ததைக் கண்ட பத்தீஸ்த், ஒரு சொல்லும் பேசாமல், உடலாலேயே நடித்துக் காட்டுகிறான். கூட்டம் சிரிக்கிறது, அவள் விடுபடுகிறாள். காதல் பிறக்கிறது.

காரான்ஸை விரும்புவோர் நால்வர். ஊமைக் கூத்தன், வாய்ச்சொல் வீரனான நடிகன் ஃபிரெடெரிக், கொலைகாரன் லாசனேர், பணக்காரப் பிரபு. நால்வரிலே எவனுக்கும் அவள் உடைமையாகவில்லை. பிரபுவின் மாளிகையிலே வாழ்ந்தபோதும் நெஞ்சை அவனுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அவள் விருப்பம் அவளுடையது. அதற்காகப் படம் அவளைக் கொல்லவில்லை, பைத்தியமாக்கவில்லை, மதம் மாற்றவில்லை, மொட்டையடிக்கவில்லை. நம் படங்களை நினைத்துப் பாருங்கள்! 1968இலே வந்த 'தில்லானா மோகனாம்பாள்' நல்ல படம்தான். நாதசுரமும் சதங்கையும் மோதும் இடம் தேன். அங்கும் மேடைக் காதல், அங்கும் பணம் படைத்தோரின் வலை. ஆயினும் ஆடும் பெண் ஒழுக்கமானவள் என்று மீண்டும் மீண்டும் மெய்ப்பித்துக்கொண்டே இருந்தால்தான் நாயகனும் நம்புவான், நாமும் நம்புவோம் என்ற நிலை. காரான்ஸ் எதையும் எவரிடமும் மெய்ப்பிக்கவில்லை.

நம்மை மிகவும் தைத்தது காரான்ஸ் அல்ல, நத்தாலி. பத்தீஸ்தின் மனைவி. கொட்டகைத் தலைவரின் மகள், அவனோடு நடிப்பவள், அவன் குழந்தையின் தாய். காதலரின் கதையைச் சொல்லும் எவரும் அவளை ஓரத்திலே தள்ளிவிடத்தான் பார்ப்பார்கள். பிரெவேர் தள்ளவில்லை. இறுதியிலே நத்தாலி கதவைத் திறந்து வந்து நிற்கிறாள். தன் வழக்கைத் தானே எடுத்துரைக்கிறாள். விட்டுப் பிரிந்தவளுக்கு நினைவின் அழகு கூடும். உடனிருந்து நாள்தோறும் வாழ்ந்தவளின் பங்கு என்ன என்று கேட்கிறாள். விடை சொல்வார் இல்லை. ஆனால் கேள்வி பதிவாகிவிட்டது.

கிட்டப்பா கதையிலே நத்தாலி யார்? கிட்டம்மாள். ஆம், அவருக்கும் பெயர் உண்டு. 1924இலே தாலி கட்டிக்கொண்ட பெண். சுந்தராம்பாளைத் தெய்வமாக்கியவர்கள் இவரை வெறும் முதல் மனைவியாக்கினார்கள்; வெறும் இடையூறாக்கினார்கள்; கதையிலே ஒரு வரியாக்கினார்கள். இவரும் கைம்பெண்ணானார், அதே நாளிலே, அதே ஆடவருக்காக. இவருடைய துயரத்துக்குப் பாட்டில்லை, படமில்லை. ஒருவர் வெள்ளையைக் கும்பிட்டவர்களுக்கு இன்னொருவர் வாழ்வைப் பற்றி ஒரு கேள்வியும் எழவில்லை. இதிலிருந்தே தெரிகிறதல்லவா, அவர்கள் கும்பிட்டது துயரத்தையும் அல்ல, அன்பையும் அல்ல என்பது? புகழ்பெற்ற பெண்ணொருத்தி, கையிலே பணமும் தொண்டையிலே பெருமையும் கொண்டவள், தானே வந்து வழக்கத்துக்குத் தலைவணங்கினாள் என்னும் வெற்றிக் களிப்பையே கும்பிட்டார்கள்.

படத்தின் இரண்டாம் பாகத்துக்குப் பெயர் 'வெள்ளை மனிதன்'. பத்தீஸ்தின் வெண்ணிற அங்கியைக் குறிப்பது. அவன் மாலையிலே அதை அணிவான், நாடகம் முடிந்ததும் களைவான், முகப்பூச்சைத் துடைப்பான், மனிதனாய் வெளியே வருவான். வெள்ளை அவனுக்கு வேடம். நம் சுந்தராம்பாளுக்கோ மேடையிலேதான் வேடம் மாறிற்று. மேடையை விட்டு இறங்கினால் வெள்ளை காத்திருந்தது. வாழ்க்கையே களைய முடியாத வேடமாயிற்று.

அந்த வேடம் திரைக்கும் தொடர்ந்து வந்ததைக் காணுங்கள். 1935ஆம் ஆண்டு 'நந்தனார்'. ஒரு லட்ச ரூபாய் ஊதியம்! அந்நாளிலே ஆணுக்கும் கிட்டாத தொகை. அவரைத் திரைக்கு அழைத்தவர்கள் பின்வாங்கட்டும் என்று கேட்ட தொகை என்பார்கள், பின்வாங்காமல் தந்தார்கள். வேடமோ ஆண் வேடம். சிறுமியாய் இருந்தபோது ஆண் வேடம் என்றோமே, அது மீண்டும் வந்தது; பெண்ணாக நடித்தால் இணையாக ஓர் ஆண் நிற்கவேண்டுமே! 1940இலே 'மணிமேகலை', காதலை மறுத்துத் துறவு பூண்டவள். 1953இலே 'ஔவையார்', திருமணத்துக்கு அஞ்சி இளமையை எடுத்துக்கொள் என்று கடவுளிடம் வேண்டி முதுமை பெற்றவள். 1964இலே 'பூம்புகார்', அங்கே கவுந்தி அடிகள், சமணத் துறவி. கதை வசனம் எழுதியவர் கலைஞர் கருணாநிதி. நம்மவர் எழுதிய படத்திலும் அவருக்குக் கிடைத்தது துறவிக் கோலந்தான். இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். 'திருவிளையாடல்' (1965), 'கந்தன் கருணை' (1967) ஆகியவற்றிலே மீண்டும் ஔவை. 1973இலே 'காரைக்கால் அம்மையார்'; கணவன் கைவிட, அழகிய உடலை உதறிப் பேயுருக் கேட்டவள்.

ஆண், துறவி, கிழவி, பேய்! ஒரு பெண் பொதுமேடையிலே பாடவேண்டுமானால் அவள் பெண்ணாக மட்டும் இருக்கக்கூடாது! 'ஔவையார்' படத்திலே இளம் ஔவை வேறொரு நடிகை, குசலகுமாரி. 'காரைக்கால் அம்மையார்' படத்திலே இளம் புனிதவதி வேறொரு நடிகை, லட்சுமி. இளமை வந்தபோதெல்லாம் அது வேறொருத்திக்குப் போயிற்று. வாடிய உருவம் வந்தவுடன் சுந்தராம்பாளை அழைத்தார்கள். இருபத்தைந்து வயதிலே வாழ்க்கை செய்ததைத் திரை ஒவ்வொரு முறையும் திருப்பிச் செய்தது. வெள்ளைச் சேலை அவருக்கு நுழைவுச் சீட்டு. சீட்டைக் காட்டினார், உள்ளே விட்டார்கள்.

நாம் பள்ளியிலே தமிழ் கற்பிப்பவர்கள். ஔவையாரை வரைந்து வாருங்கள் என்றால் பிள்ளைகள் கூன் விழுந்த கிழவியையும் கோலையும் வரைந்து வருகிறார்கள். நெற்றியிலே நீறும் உண்டு. சங்கத்து ஔவை எங்கே? தகடூர் அதியமானோடு அமர்ந்து கள்ளுண்டு பாடிய ஔவை, தொண்டைமானிடம் தூது சென்று அவன் படைக்கலக் கொட்டிலைக் கண்டு எள்ளிய ஔவை, அரசன் மறைந்தபோது நாணாமல் நெஞ்சுருகிப் பாடிய ஔவை எங்கே? அவருக்கு எவரும் முதுமையைத் தண்டமாக விதிக்கவில்லை. ஈராயிரம் ஆண்டுகள் பின்னோக்கிப் போனால் முன்னேற்றம் தெரிகிறது என்றால், இடையிலே நடந்தது என்ன?

சிலர் குறுக்கிடுவர். அது அவர் தாமே விரும்பி ஏற்ற கோலம். நீங்கள் யார் குறுக்கே பேச என்பர். விரும்பி ஏற்றார், ஒப்புக்கொள்கிறோம். அந்த விருப்பத்தை மதிக்கவும் செய்கிறோம். ஆனால் நான்கு வாசல் உள்ள வீட்டிலே மூன்றைச் சுவரெடுத்து மூடிவிட்டு, நான்காம் வாசல் வழியே வந்தவரைப் பார்த்து, எவ்வளவு விருப்பத்தோடு இந்த வழியைத் தேர்ந்தார் பாருங்கள் என்று மெச்சுவது எந்த வகை அறம்? அவர் வண்ணச் சேலை உடுத்தியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? இன்னொருவரை மணந்திருந்தால்? கூத்தாடிதானே, குணம் போகுமா என்றிருப்பார்கள். அவர் அதை அறிந்தவர். ரயில்பெட்டியிலிருந்து மேடைக்கு ஏறி வந்த பெண்ணுக்கு உலகின் நாக்கு எத்தனை முழம் என்று தெரியாமலிருக்குமா?

வெள்ளைக்குள்ளே வாழ்ந்தும் அவர் ஒடுங்கிவிடவில்லை. அதுதான் புகழவேண்டிய செய்தி. காங்கிரசு மேடைகளிலே பாடிப் பல்லாயிரவரைத் திரட்டினார். அந்தக் கட்சி நமக்கு உடன்பாடா என்பது வேறு. ஒரு பெண்ணின் குரலை நம்பி அரசியல் கட்சி ஊர் ஊராய்ப் போயிற்று என்பது வரலாறு. 1950களிலே சென்னை மேலவையிலே அமர்ந்தார். இந்தியத் திரைக்கலைஞர்களிலே சட்டமன்றப் படி ஏறிய முதல்வர் என்று போற்றப்படுகிறார். கொடுமுடியிலே தம் பெயரிலே திரையரங்கம் கட்டினார். 1970இலே பத்மஸ்ரீ. தம் ஊதியத்தைத் தாமே பேசிய பெண், தம் ஊரிலே தாமே கொட்டகை உடையவரான பெண்! கிட்டப்பா இறந்த ஆண்டைத் தவறாமல் சொல்லும் பேச்சாளர்களிலே எத்தனை பேர் இவற்றைச் சொல்கிறார்கள்?

பிரான்சு என்ன பொன்னுலகமா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. காரான்ஸாக நடித்த ஆர்லெத்தி ஒரு ஜெர்மானிய அதிகாரியோடு உறவு கொண்டிருந்தார் என்பதற்காகக் கைது செய்யப்பட்டார். தம் படத்தின் முதற்காட்சிக்கே அவரால் வர இயலவில்லை. அவரைப் போன்ற உறவுக்காக 1944இலே எளிய குடும்பத்துப் பெண்களைத் தெருவிலே நிறுத்தித் தலையை மழித்தார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். எதிரிக்குப் பொருள் விற்றுக் கொழுத்த ஆடவர் பலரின் தலைமயிர் அப்படியே இருந்தது. பெண்ணின் தலையை மழிப்பது நமக்குப் புதிதா? அங்கே பகைவனோடு படுத்தாள் என்று மழித்தார்கள். இங்கே கணவன் இறந்தபின்னும் உயிரோடிருக்கிறாள் என்று மழித்தார்கள். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அந்த மழிப்பை அவர்கள் இன்று வெட்கத்தோடு நினைவுகூர்கிறார்கள். நாம் வெள்ளைச் சேலையைப் பெருமையோடு நினைவுகூர்கிறோம்.

பழங்கதை பேசுகிறோம் என்று எண்ணுவோருக்குக் கொங்கு மண்ணிலேயே சான்று உண்டு. 2016ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள், உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலிலே சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் செய்த குற்றம், தாழ்த்தப்பட்ட குலத்திலே பிறந்து வேறு சாதிப் பெண்ணை மணந்தது. வெட்டுக்காயத்தோடு பிழைத்த கௌசல்யா, பெற்றோருக்கு எதிராகவே நீதிமன்றத்திலே நின்றார். அப்போது அவரை வீராங்கனை என்று வாழ்த்தாதவர் குறைவு. 2018 டிசம்பரிலே, இதே கோவையிலே, அவர் மறுமணம் செய்துகொண்டார். அன்றிரவே வசை தொடங்கிற்று. இவ்வளவு விரைவிலா, சங்கரை மறந்துவிட்டாளா, இதற்குத்தானா என்று கேட்டவர்களிலே சாதி வெறியர் மட்டுமில்லை. முந்தின நாள்வரை வாழ்த்தியவர்களும் இருந்தார்கள். அவர்கள் கௌசல்யாவிடம் எதிர்பார்த்தது என்ன? வெள்ளைதான். கைபேசியிலே வசை எழுதுகிற விரலும், கொடுமுடியிலே கைகூப்புகிற கையும் ஒரே உடலைச் சேர்ந்தவை.

கோகிலத்தின் நினைவு விழா உங்கள் ஊரிலே நடக்குமானால் நம் இளைஞர்கள் ஒதுங்கி நிற்க வேண்டாம். போகவேண்டும், முன்வரிசையிலேயே அமரவேண்டும். முதலிலே ஒலித்தட்டை ஒலிக்கச் சொல்லுங்கள். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையிலே கடைசித் தரை வரிசைக்கும் எட்டிய அந்தக் குரல் கூடத்தை நிறைக்கட்டும். அவர் வாங்கிய ஊதியத்தைச் சொல்லச் சொல்லுங்கள், எழுதிய கடிதங்களைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள், மேலவையைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகும் எவரேனும் எழுந்து, நா தழுதழுக்க, வெள்ளைச் சேலைக்கு வந்தால், அமைதியாகக் கையை உயர்த்தி ஒன்று மட்டும் கேளுங்கள்: ஐயா, கிட்டம்மாள் என்ன நிறம் உடுத்தியிருந்தார்?